சுகாதாரச் செய்தி கைபேசியில் வந்தால் போதுமா?

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி. ஆனால் தமிழ்நாட்டில் ஊசிக்கு முன்னால் வாட்ஸ்அப் வதந்தி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. பெற்றோர் பலர் தயங்கினர். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே ஊசி போட்ட பிள்ளைக்கு மறுபடியும் எதற்கு என்ற கேள்வி எந்தத் தாய்க்கும் எழக்கூடியதுதான். 9 மாதத்தில் போடும் ஒரு தவணை சுமார் 85 சதவீதக் குழந்தைகளைத்தான் தட்டம்மையிலிருந்து காக்கும், மீதிப் பேருக்காகவே மறுபடி போடுகிறோம் என்பது எளிய பதில். கேட்ட உடனே அந்தப் பதில் கிடைக்காவிட்டால், அந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது. செய்தி அனுப்புவதோடு சுகாதாரத் துறையின் வேலை முடிவதில்லை. பதில் சொல்லும் பொறுப்பையும் ரகசியம் காக்கும் பொறுப்பையும் அது ஏற்றாக வேண்டும்.

கைபேசியால் பயனில்லை என்று இதற்குப் பொருளில்லை. மத்திய அரசு 2016-ல் தொடங்கிய 'கில்காரி' திட்டத்தில், கருவுற்ற நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒன்றாக 72 குரல் அழைப்புகள் வருகின்றன. ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையம் வேண்டாம், படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டாம். ஆனால் அந்த அழைப்பை எடுப்பது யார்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ளவர்கள் 54 சதவீதம் பேர்தான். இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் 33 சதவீதம். ஆகவே கிராம சுகாதாரச் செவிலியரின் நேரடி வருகைக்குக் கைபேசி துணை நிற்கலாமே தவிர, அதற்கு மாற்றாக முடியாது.

வீட்டுக்கு ஒரு கைபேசி என்ற நிலையில் ரகசியமும் சிக்கலாகிறது. 'உங்கள் ஏஆர்டி மாத்திரை தயார்' என்று ஹெச்ஐவி மருந்தின் பெயரோடு திரையில் மின்னும் ஒரு வரி, அந்தத் தொற்றுள்ளவரை வீட்டாரிடம் காட்டிக்கொடுத்துவிடும். 'நாளை மருத்துவமனைக்கு வரவும்' என்றால் அதே வேலை நடக்கும், ஆபத்து இருக்காது. ஒருவருக்கு ஹெச்ஐவி இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் ஹெச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தவறான தகவலைத் திருத்தச் சொல்லவும் வழிசெய்கிறது.

'கொள்ளைநோய்க் காலத்தில் ரகசியம் பார்த்தால் நோய் பரவாதா?' என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் கர்நாடக அரசு, வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் முகவரிகளை வெளியிட்டது. அப்படிப்பட்ட பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றினால், நோயை விட அவமானத்துக்கே மக்கள் அஞ்சுவார்கள். காய்ச்சல் வந்தாலும் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிக்க அதிகாரிகளுக்குத் தகவல் வேண்டும்தான். ஆனால் அது தெருவுக்கே தெரிய வேண்டியதில்லை. வதந்தி பரப்புவோரைக் கைது செய்தாலே போதும் என்பாரும் உண்டு. வேண்டுமென்றே பொய் கிளப்புபவர்களுக்கு அது பொருந்தும். பிள்ளையைப் பற்றிய பயத்தால் ஃபார்வர்டு செய்த தாய்க்கு வழக்கு மருந்தாகாது, விளக்கம்தான் மருந்து.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. 'பலமுறை பகிரப்பட்டது' என்ற குறியோடு வரும் மருத்துவச் செய்தியை நம்மோடு நிறுத்திவிட்டு, செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 சுகாதார உதவி எண்ணிலோ கேட்கலாம். தடுப்பூசிப் பதிவு, காப்பீட்டு அட்டை என்று பேசி யாராவது ஓடிபி கேட்டால் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும் என்னும் மருந்து விளம்பரம் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் தரலாம். நம் விவரத்தைக் கேட்பவரிடம், அது எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று திருப்பிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. சுகாதாரத் துறையிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும், மனிதர் ஒருவர் தமிழில் பதில் சொல்லும் எண் இருக்க வேண்டும். அதற்கு ஆளும் சம்பளமும் ஒதுக்காமல் செய்திகளை மட்டும் பெருக்கினால், அடுத்த முகாமிலும் வதந்திதான் முந்தும்.