இல்லந்தோறும் பவழமல்லி

பூவும் நீரும் இட்டு இறைவனை வழிபடுதல் தொன்றுதொட்டு வரும் எளிய நெறியாகும். மல்லிகை, அரளி, சாமந்தி முதலிய மலர்களைத் திருக்கோயில் வாயிலிலேயே விலைக்கு வாங்கலாம். ஆனால் பூக்கடைகளில் பெரும்பாலும் காணக் கிடைக்காத மலர் ஒன்று உண்டு. அதுவே பவழமல்லி. அந்தியில் மலர்ந்து, விடியலில் தானே உதிர்ந்து, வெயில் ஏறியதும் வாடிவிடும் இம்மலரைக் கூடையில் நிரப்பிச் சந்தைக்கு அனுப்புதல் அரிது. ஆகவே, பவழமல்லியால் அருச்சிக்க விரும்பும் அன்பர்கள் அம்மரத்தைத் தாமே வளர்த்தல் வேண்டும். கொல்லைகள் குறுகிவரும் இக்காலத்திலும் இது இயலக்கூடியதே.

மரத்தின் பெருமை

வெண்ணிற இதழ்களும் பவழ நிறக் காம்பும் உடையதால் பவழமல்லி எனப் பெயர் பெற்றது. இதனைப் பாரிஜாதம் என்றும் வழங்குவர். பாற்கடலில் தோன்றிய தேவ மரங்களுள் ஒன்றாகப் பாரிஜாதத்தைப் புராணங்கள் கூறுகின்றன. திருஞானசம்பந்தர் பாடிய தலமாகிய, திருவாரூர் மாவட்டம் திருக்களர் அருள்மிகு பாரிஜாதவனேசுவரர் திருக்கோயிலில் பவழமல்லியே தலமரம். இறைவன் திருநாமமே இம்மரத்தின் பெயரால் அமைந்திருப்பது காண்க.

தரையில் விழுந்த மலர்கள் பொதுவாகப் பூசைக்கு விலக்கப்பட்டவை. உதிர்ந்த பின்னரே கைக்குக் கிட்டும் பவழமல்லிக்கும் மகிழம்பூவுக்கும் மட்டும் வழக்கில் விலக்கு அளித்துள்ளனர் நம் முன்னோர்.

நடும் முறை

வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து அல்லது ஆறு அடி தள்ளி, அரை நாளேனும் வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிழல் மிகுந்தால் இலை தழைக்கும், பூ குறையும். இரண்டடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி எடுத்து, மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரமும் சிறிது மணலும் கலந்து நிரப்புக. நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆதலின் நட்ட இடம் சற்று மேடாக இருத்தல் நலம்.

தட்டையான காய்களில் உள்ள விதைகளை முளைக்க வைத்தும், மழைக்காலத்தில் முற்றிய குச்சிகளை நட்டும் கன்று பெறலாம். குச்சியிலிருந்து வந்த கன்று விதைக்கன்றைவிட விரைவில் பூக்கும். தரையே இல்லாத வீட்டினர், அடியில் துளையுள்ள பெரிய சிமெண்ட் தொட்டியில் மாடியிலும் வளர்க்கலாம். தொட்டி மண் விரைவில் காயுமாதலால் கோடையில் நாள்தோறும் நீர் வார்த்தல் வேண்டும்.

பேணும் முறை

விட்டுவிட்டால் முப்பது அடி வரை உயரக்கூடிய மரம் இது. எனினும் கவாத்து செய்தால் எட்டு அல்லது பத்து அடியில் அடங்கி நிற்கும். புதிய கிளைகளின் நுனியிலேயே மொட்டுகள் மிகுதியாகத் தோன்றும். எனவே பூக்கும் பருவம் முடிந்தபின், தை, மாசி மாதங்களில் கிளைகளை வெட்டிவிட வேண்டும். ஆடி, ஆவணியில் வெட்டினால் அவ்வாண்டுப் பூவை இழக்க நேரிடும்.

மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சிகள் இலைகளில் கூட்டமாகக் காணப்படலாம். குழந்தைகள் தொடாதவாறு பார்த்துக்கொள்க. அவை உள்ள கிளையை நறுக்கி அகற்றலாம். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். பூசைக்குரிய மலராதலின் நச்சு மருந்துகளைத் தவிர்த்தல் நன்று.

மலர் சேகரித்தல்

மாலையில் மரத்தடியைப் பெருக்கி, தூய வெண்துணி ஒன்றை விரித்து வைக்க வேண்டும். கதிரவன் எழுமுன் மலர்கள் அதில் வந்து நிறையும். கிளையை உலுக்குதல் வேண்டா. திரட்டிய மலர்களை மூங்கில் தட்டில் பரப்பிக் காலைப் பூசையிலேயே சாத்திவிடுக. ஈரத்துணியில் பொதிந்து வைத்தால் நிறம் மங்கும்.

சத்தியபாமை தோட்டத்தில் கண்ணபிரான் நட்ட பாரிஜாதம், ருக்மிணியின் முற்றத்தில் பூச்சொரிந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. சிறு தோட்டங்களில் இது நாள்தோறும் நிகழக்கூடியது. நம் மரத்தின் கிளை மதிலைக் கடந்து அண்டை வீட்டில் மலர் சொரிந்தால் அவர்களும் அதனை எடுத்து வழிபடட்டும். பூவை மட்டுமன்றி, சருகையும் பெருக்க வேண்டியிருக்குமாதலால், அவ்வேலையில் நாமும் கைகொடுத்தல் முறை.

விலை கொடுத்துப் பெற முடியாத மலர், ஆண்டு முழுதும் மரத்தைப் பேணி, வைகறையில் எழுபவருக்கே கிட்டுகிறது. நீர் வார்ப்பதும் நிலம் கூட்டுவதும் கூட அவ்வழிபாட்டின் உறுப்புகளே. இல்லந்தோறும் ஒரு பவழமல்லி நட்டு, இறைவன் திருவடியில் மலரிட்டு நலம் பெறுவோமாக.