குதிரைக்கு நயமா, பயமா?

நந்தனத்தில் அண்ணா சாலை ஓரம் நின்றால் நூறு குதிரைச் சக்தியுள்ள வண்டிகள் எத்தனையோ போகின்றன, குதிரையைத்தான் காணோம். ஆகையால் வீட்டுச் சிறுமியைச் சென்ற வாரம் மெரினாக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். அவளை ஏற்றிய குதிரை நகர மறுத்தது. சவாரிக்காரர் சாட்டையை ஓங்கினார். "அடிக்காதீங்க, மாமா!" என்று குழந்தை அலறினாள்.

அடிக்காமல் குதிரையைப் பழக்கலாமா? பழக்கலாம் என்று கி.மு. நாலாம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான ஸெனபோன் எழுதி வைத்தார். சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவில் டாம் டாரன்ஸ், ரே ஹண்ட் முதலியோர் அவ்வழியைப் பரப்பினார்கள். கயிற்றை மெல்ல இழுக்க வேண்டும். குதிரை ஓரடி எடுத்து வைத்த கணமே தளர்த்திவிட வேண்டும். இழுப்பு பாடமன்று, தளர்வே பாடம். தளர்த்தச் சற்றுத் தாமதித்தாலும் குதிரைக்கு ஒன்றும் விளங்காது.

இதுவரை சரி. ஆனால் இம்முறைக்காரர் சிலர், வட்ட வேலிக்குள் விரட்டப்பட்ட குதிரை அருகில் வந்ததும், "நம்மைத் தலைவனாக ஏற்றுக்கொண்டது" என்று பூரிக்கிறார்களே, அதை நாம் ஒப்ப இயலாது. 2012-ஆம் ஆண்டில் சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மனிதனுக்குப் பதிலாகத் தூரத்திலிருந்து இயக்கும் பொம்மைக் காரைக் கொண்டு இதைச் செய்து பார்த்தார்கள். குதிரைகள் அந்தக் காரையும் நெருங்கக் கற்றுக்கொண்டன! பொம்மைக் காரா தலைவன்? நெருங்கினால் விரட்டல் நிற்கிறது; அவ்வளவே.

சாட்டையைவிட இது மேலென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் பொறுமைக்குப் பொழுது வேண்டுமே! மாலைச் சவாரியில்தான் மறுநாள் கொள்ளுக்குக் காசு என்றிருப்பவர் அப்பொழுதுக்கு எங்கே போவார்?

சிறுமி இறங்கிவிட்டாள். கட்டணத்தைக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.