நீரிழிவு மருத்துவத்தில் எண்ணும் எழுத்தும்

ஒரே நோய்க்குத் தமிழர் வழங்கும் பெயர்கள் பல. தமிழ்நாட்டார் அதனைச் சர்க்கரை வியாதி என்பர். இலங்கையில் சலரோகம் என்னும் பெயரும் பழகியிருக்கிறது. சித்த மருத்துவ நூலோர் மதுமேகம் என்றனர். ஏடெழுதுவோர் நீரிழிவு என்று எழுதுவர். மலேசியத் தமிழரோ பேச்சில் இனிப்புநீர் என்கின்றனர். 'கெஞ்சிங் மானிஸ்' என்னும் மலாய்ப் பெயரும் அதே பொருளுடையது. இப்பெயர்களுள் பெரும்பாலானவை நோயைச் சிறுநீரோடு பிணைக்கின்றன என்பதை ஆசிரியப் பெருமக்கள் எளிதிற் காண்பர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இந்நோயைப் பொறுத்தவரை நிரம்ப இருக்கிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரை, லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமோல் அளவைக் கடந்த பின்னரே சிறுநீரகம் அதனைத் தடுத்து நிறுத்த இயலாமற் சிறுநீரில் விடுகிறது. ஆனால், எட்டு மணி நேரம் உண்ணாதிருந்து எடுத்த இரத்தத்தில் 7.0 மில்லிமோல் இருந்தாலே அது நீரிழிவு எனக் கொள்ளப்படுகிறது. 7-க்கும் 10-க்கும் இடையே உள்ளவரின் சிறுநீரில் இனிப்பு இராது, எறும்பும் மொய்க்காது. “எனக்கு எறும்பு மொய்க்கவில்லை, ஆகவே இனிப்புநீர் இல்லை” என்று அவர் மனநிறைவோடு இருந்துவிடுவார். அதற்குள் கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலின் நரம்புகளிலும் நோய் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

இவ்வாறு அறியாமல் இருப்போர் எத்தனை பேர்? மலேசியச் சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய நலவாழ்வு ஆய்வில், 18 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 18.3 பேர்க்கு இரத்தச் சர்க்கரை மிகுந்திருந்தது. அவர்களுள் நோயை முன்பே அறிந்தவர் 9.4, அறியாதிருந்தவர் 8.9. ஏறக்குறையச் சரிபாதி! இந்தியரை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அத்தொகை நூற்றுக்கு 31.4 ஆக உயர்ந்து நின்றது. 2023-ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்தத் தொகை 15.6 என்று சற்றே இறங்கியது உண்மையே. எனினும் ஆறு பேர்க்கு ஒருவர் என்பது சிறிய எண் அன்று.

இத்தனை பேரையும் நீரிழிவு வல்லுநரிடம் அனுப்புவதென்றால் எந்த நாட்டின் மருத்துவமனையும் தாங்காது. நோயாளியை முதலிற் காண்பவரும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து காண்பவரும் பொதுமருத்துவரே. ஒரே காலைப்பொழுதில் இருமல், காய்ச்சல், மூட்டுவலி, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்க்கும் அவர், நீரிழிவு பற்றி உலகில் வெளிவரும் ஆராய்ச்சிகளையெல்லாம் படித்துக்கொண்டிருக்க முடியுமா? ஆகவேதான் வல்லுநர் குழுவினர் கூடி அவற்றைப் படித்து, சீர்தூக்கி, “இந்நிலையில் இதனைச் செய்க” என்று நடைமுறை வழிகாட்டி வகுத்துத் தருகின்றனர். மலேசியாவில் இரண்டாம் வகை நீரிழிவுக்கான வழிகாட்டியின் ஆறாம் பதிப்பு 2020-இல் வெளிவந்தது. அதிலுள்ள பரிந்துரைகள் ஒவ்வொன்றுக்கும் சான்றின் வலிமையைக் காட்டும் தரக்குறியீடு இடப்பட்டிருக்கும். உறுதியாகச் சொல்வது எது, வல்லுநர் கருத்தாக மட்டும் சொல்வது எது என்பது இதனால் மருத்துவர்க்கு விளங்கும். நம் உரையாசிரியர்கள் பாடம் துணிந்த இடத்தையும் ஐயுற்ற இடத்தையும் பிரித்துக் காட்டிய முறையோடு இதனை ஒப்பிட எனக்கு ஆசை உண்டு. ஆயினும் ஒப்புமையை நீட்டாமல் விடுகிறேன்.

இவ்வழிகாட்டியில் நான் மிக மதிக்கும் பகுதி, வெளிநாட்டு எண்ணை அப்படியே எடுத்தாளாமல் இந்நாட்டு மக்களை அளந்து எண்ணிட்ட பகுதியாகும். நம்மவர் 'மூன்று மாதச் சர்க்கரை' என்று கூறும் சோதனையை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் இதனை எச்.பி.ஏ.1.சி என்பர். இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அவ்வாழ்நாளில் அதனுள் இருக்கும் ஹீமோகுளோபின் மீது, இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவிற்கேற்பச் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பின்னர்க் கழன்று போவதில்லை. எனவே கிளினிக்குக்குச் செல்லுமுன் இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டால் காலைச் சர்க்கரை குறைந்து தோன்றலாம். மூன்று மாதக் கணக்கை மறைக்க இயலாது. உலகச் சுகாதார நிறுவனம் இச்சோதனையில் நூற்றுக்கு 6.5 என்பதை நோயின் எல்லையாக வைத்தது. மலேசியாவில் உள்நாட்டு மக்களிடையே சோதித்துப் பார்த்தபோது, 6.5-ஐ எல்லையாகக் கொண்டால் நோயுற்றோர் பலர் நழுவிவிடுவர் என்றும், 6.3 பொருத்தமான எல்லை என்றும் தெரியவந்தது. 2015-இன் ஐந்தாம் பதிப்பிலும் 2020-இன் ஆறாம் பதிப்பிலும் 6.3 என்றே காணப்படுகிறது.

ஜொகூர் வாசகர்க்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் இங்கே ஆயிரக்கணக்கினர். அங்கு 2019-இல் வகுத்த முறைப்படி 7.0-உம் அதற்கு மேலும் நீரிழிவு, 6.1 முதல் 6.9 வரை வந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்தே முடிவு செய்வர். ஆகவே 6.4 என்னும் ஒரே எண், பாலத்தின் இக்கரையில் நீரிழிவின் எல்லைக்குள் விழும். அக்கரையில் இன்னொரு சோதனைக்கு வழிவிடும். இதனைக் கண்டு, மருத்துவர்கள் ஒருவர்க்கொருவர் முரண்படுகின்றனர் என்று எண்ண வேண்டா. நோய்க்குறி ஏதும் தோன்றாதவர்க்கு ஒரு சோதனையை வைத்தே முத்திரை குத்துவதில்லை. இங்கும் மறுமுறை சோதித்தே உறுதிப்படுத்துவர். சோகை, தலசீமியா முதலிய இரத்தக் குறைபாடு உள்ளவரிடம் இவ்வெண் பிழைபடவும் கூடும்.

உடல் எடையிலும் இவ்வாறே. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்பருமன் எண். மேலைநாட்டார் 25 வந்தால் எடை மிகை என்பர். ஆசியர்க்கு 23-இலேயே எச்சரிக்கை வேண்டும் என்று 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் கூட்டம் கருதியது. மலேசியாவும் அதனையே பின்பற்றுகிறது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 68 கிலோ வரை கவலையின்றி இருக்கலாம் என்று மேலைநாட்டுக் கணக்குச் சொல்லும். நம் கணக்கு 63 கிலோவிலேயே மணியடிக்கும். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரையும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரையும் எட்டக்கூடாது. தெற்காசியரின் கொழுப்பு வயிற்றுள் சேர்வது மிகுதி. கை கால் மெலிந்து தொந்தி மட்டும் முன்னிற்கும் உடலமைப்பை 'ஒல்லி' என்று நாம் கணக்கிடுவதில் பொருளில்லை. வேறு காரணம் எதுவும் இல்லாதவர்க்கும் 30 வயதிலிருந்தே சோதனை வேண்டும் என்று வழிகாட்டி கூறுவதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மக்களைப் பார்த்து மருத்துவம் வகுக்கும் இம்முறைக்கு இந்நாட்டில் பழைய வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி நோய் வாட்டியது. வெண்மையாகத் தீட்டிய அரிசியை உண்ட சீனத் தொழிலாளர் அதனால் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழர்க்கு அது அரிதாகவே கண்டது. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கி 1907-இல் நூல் எழுதினார். கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்பவர் ஒரு சாரார்க்குத் தீட்டிய அரிசியும் மறுசாரார்க்குப் புழுங்கலரிசியும் அளித்துப் பார்த்தார். பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் தவிட்டோடு நீங்கிவிடும் பொருளே குறை என்பதை நிறுவினர். 1910-இல் மணிலாவிற் கூடிய கீழ்த்திசை மருத்துவர் மாநாடு, தீட்டிய அரிசியே காரணம் என்று தீர்மானித்தது. தமிழரின் அடுப்படி வழக்கம் ஒன்று உலக மருத்துவத்திற்குச் சான்றாக நின்ற கதை இது. பள்ளியில் இதனைச் சொல்லிக் கொடுப்போர் எத்தனை பேரோ!

இனி ஜொகூருக்கு வருவோம். கூலாய், ரெங்கம், குளுவாங், லாபிஸ், சிகாமட் எனத் தோட்டங்கள் பரவிக் கிடந்த நாளில், தமிழர் முதலிற் கண்ட மருத்துவ முகம் தோட்டத்து டிரஸருடையது. பெரிய டாக்டர் எப்போதோ ஒரு நாள் வந்து போவார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு டிரஸர் மருந்து கொடுப்பார். அக்காலத்து நோய்கள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் புண்ணும். வந்தால் தெரியும், தீர்ந்தாலும் தெரியும். தோட்டங்கள் குறைந்து, ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் பக்கம் குடியேறிய பிள்ளைகளின் நோயோ வந்ததும் தெரியாது, தீர்வதும் இல்லை. வெட்டுக்காட்டில் நடந்த கால்கள் இப்போது தொழிற்சாலை இயந்திரத்தின் முன் நிற்கின்றன. உணவின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. குடிமக்கள் ஒரு வெள்ளி கொடுத்துச் செல்லும் அரசாங்கக் கிளினிக்கே இவர்களிற் பலர்க்கு டிரஸரின் இடத்தில் நிற்கிறது. ஆனால் பாலத்தைக் கடப்பவர் புறப்படும் நேரத்தில் கிளினிக் திறந்திருப்பதில்லை. அவர் திரும்பும் நேரத்தில் மூடியிருக்கிறது. சோதனைக்கென ஒரு நாள் கூலியை இழக்க அவர் மனம் ஒப்புவதில்லை. வழிகாட்டி எவ்வளவு செம்மையாக இருந்தாலும் இவ்விடத்தில் அது வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது.

உள்ளே செல்வோர்க்கு என்ன செய்யப்படுகிறது? பெரும்பாலோர்க்கு முதல் மருந்து மெட்பார்மின். அது சிலர்க்கு வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு உட்கொண்டு, சிறிய அளவில் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதனைச் சொல்லாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் அது அலமாரியிலேயே இருக்கும். கிளிக்கிளசைடு போன்ற மருந்துகளும் இன்சுலினும் வேறு வகை. இவற்றை எடுத்துக்கொண்டு உணவைத் தவறவிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் எனத் தொடங்கி நினைவிழப்பு வரையிற் செல்லலாம். இரமலான் நோன்பு நோற்போர்க்கு மருந்தை எவ்வாறு மாற்றுவது என்று வழிகாட்டியில் தனிப்பகுதியே இருக்கிறது. நம்மவர் புரட்டாசிச் சனியிலும் தைப்பூசத்திற்கு முன்னும் விரதம் இருப்பதுண்டு. அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விரத நாளில் மருந்தைத் தாமே நிறுத்துவதும் தீது, வழக்கம்போல் விழுங்கிவிட்டுப் பட்டினி கிடப்பதும் தீது.

இலக்கும் எல்லார்க்கும் ஒன்றன்று. இளைஞர், நோய் புதிதாகக் கண்டவர், இதயநோய் இல்லாதவர் ஆகியோர்க்கு மூன்று மாதச் சர்க்கரையை 6.5-க்குள் வைக்க முயல்வர். தனியே வாழும் முதியவர்க்கு, வேறு நோய்களும் சேர்ந்திருப்பின், 7.1 முதல் 8.0 வரை போதும் என்று விட்டுவிடுவர். கடுமையாகக் குறைக்கப் புகுந்தால் அவர் மயங்கி விழும் இடரே பெரிதாகும். “அவனுக்கு ஆறரை, எனக்கு ஏழரையா? என்னைக் கவனிக்கவில்லை” என்று மனம் நோவதற்கு இதில் இடமில்லை.

எண்களைப் பற்றி இன்னொன்று. தமிழில் வரும் உடல்நல நூல்களும் பேச்சுகளும் பெரும்பாலும் சென்னையிலிருந்து வருவன. அங்கே சர்க்கரையை மில்லிகிராமில் அளப்பர், இங்கே மில்லிமோலில். இங்குள்ள எண்ணை 18-ஆற் பெருக்கினால் அங்குள்ள எண் வரும்: இங்கு 7.0 என்பது அங்கு 126. இதனை அறியாதவர், “126 வரை போகலாமாம், எனக்கு 9 தானே” என்று மகிழ்ந்துவிடக் கூடும். அவருடைய 9 அங்கே 162. மூன்று மாதச் சர்க்கரையின் 7-உம் விரல் நுனியிற் குத்திப் பார்க்கும் 7-உம் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்னது நூற்றுக்கு இத்தனை என்னும் விகிதம். அந்த 7, சராசரியாக 8.6 மில்லிமோல் சர்க்கரைக்கு ஈடாகும்.

கிளினிக்கில் மொழிபெயர்ப்பவர் பல வேளைகளிற் பேரப்பிள்ளையே. பாட்டியின் தமிழை மலாயாக்கி, மருத்துவரின் மலாயைத் தமிழாக்குவது பன்னிரண்டு வயதுச் சிறுமியின் பொறுப்பாகிறது. 'மயக்கம்' என்று பாட்டி சொன்னால் அது தலைசுற்றலா, தளர்ச்சியா, நினைவிழப்பா? மருத்துவர் சர்க்கரைத் தாழ்வை எண்ணி மருந்தைக் குறைப்பதும் குறைக்காததும் அவ்விடையைப் பொறுத்தது. 'இரத்தக் கொதிப்பு' என்ற சொல் உடற்சூட்டை நினைப்பூட்டுவதால், இளநீர் குடித்தால் ஆறிவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. காலைப் பற்றிய சொற்களில் இடர் இன்னும் மிகுதி. வலி, எரிச்சல், குத்தல், மதமதப்பு, மரத்துப்போதல் என ஒவ்வொன்றும் நரம்பின் வெவ்வேறு நிலையைக் காட்டும். பிள்ளையோ எல்லாவற்றையும் 'சாக்கிட்' என்னும் ஒரே மலாய்ச் சொல்லில் அடக்கிவிடும். மரத்துப்போன கால் வலிப்பதில்லை. ஆணி தைத்தாலும் செருப்புக் கடித்தாலும் தெரியாது. புண் பெரிதான பின்னரே வீட்டார் காண்பர். விரலையோ காலையோ எடுக்க நேர்வது இவ்வாறே.

இதனைக் கண்டறியும் கருவி எளியது. மெல்லிய நைலான் இழை ஒன்று. அது வளையும் வரை பாதத்தின் சில இடங்களில் அழுத்துவர். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். அங்கே மருத்துவர் கேட்பது “வலிக்கிறதா” என்றன்று, “தெரிகிறதா” என்றே. 'கெபாஸ்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு 'மரத்துப்போதல்' என்று பொருள் சொல்லத் தெரிந்த பிள்ளை உடனிருந்தால், அக்கேள்வியும் விடையும் சிதையாமற் சென்று சேரும்.