கசிகிறதா, சொட்டுகிறதா, ஒழுகுகிறதா?

சங்ககிரி மலையடிவாரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்: “லீக் ஆகுதுங்க, அத்தை!”

“கசியுதா, சொட்டுதா, ஒழுகுதா? சரியாச் சொல்லு, அம்மிணி!” என்கிறாள் மாமியார்.

மாமியாரின் கேள்வி குதர்க்கம் அல்ல, சகோதரிகளே! பதிலைப் பொறுத்துத்தானே யாரைக் கூப்பிடுவது என்று தெரியும்? துளி கண்ணில் படாமல் சுவரில் ஈரம் மட்டும் படர்ந்தால், சுவர் கசிகிறது; கொத்தனார் வரவேண்டும். குழாயிலிருந்து துளித்துளியாக விழுந்தால் சொட்டுகிறது; வாஷரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மழைத் தண்ணீர் ஓட்டு இடுக்கு வழியே இறங்கிக்கொண்டே இருந்தால் கூரை ஒழுகுகிறது. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, ஓடு மாற்ற ஆள் தேடுங்கள்!

“சொட்டுத்தானே?” என்று அலட்சியம் வேண்டாம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர். ஆக, தினம் நாலு லிட்டருக்கு மேல் வீண்! தண்ணீரின் அருமை தெரிந்த சேலத்துச் சீமையில் இது சின்ன நஷ்டமா?

ஆனால் கசிவெல்லாம் குற்றமும் அல்ல. மண்பானை கசிவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. வெளியே கசிந்த ஈரம் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கசியாத பானை வெயில் காலத்தில் யாருக்கு வேண்டும்?

இன்னும் பாருங்கள். நாமாகக் கஞ்சியை இறக்கினால் சோறு வடிக்கிறோம். மண்ணுக்குள்ளிருந்து கிணற்றுக்குத் தண்ணீர் வந்தால் ஊறுகிறது. போகும் தண்ணீருக்கு ஒரு சொல், வரும் தண்ணீருக்கு ஒரு சொல்! எல்லாவற்றையும் ‘லீக்’ என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடினால், நம் குழந்தைகளுக்கு இந்த வித்தியாசங்கள் எப்படித் தெரியும்?

பிறர் துயரம் கண்டு மனம் கசிகிறது என்கிறோம். ஒழுகுதல் என்றால் நடந்துகொள்வது என்றும் பொருள். அதிலிருந்து வந்ததுதான் ஒழுக்கம். வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்.

இன்று மாலை குழந்தையைக் குழாயடிக்கு அழைத்துப் போய், “இது என்ன செய்கிறது, சொல் பார்ப்போம்?” என்று கேளுங்கள். “சொட்டுது அம்மா!” என்று சொன்னால், ஒரு முத்தம் கொடுங்கள். பிறகு மறக்காமல் அந்தக் குழாயை இறுக மூடுங்கள்!