கணக்கு எங்கே?

சர்க்கார் பணம் களவு போகிறது என்று கேட்டால் கோபம் வராத மனிதர் நம்மில் யாரும் இல்லை. காலையில் பத்திரிகையைப் பிரிக்கிறோம். கட்டி ஒரு வருஷங்கூட ஆகாத பாலம் இடிந்துபோன செய்தி கண்ணில் படுகிறது. பக்கத்திலேயே, லஞ்சம் வாங்கிய உத்தியோகஸ்தர் கையும் களவுமாகப் பிடிபட்ட செய்தி. "இந்தத் தேசம் உருப்படுமா?" என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, வேலைக்குப் புறப்படுகிறோம். சாயங்காலம் திரும்பி வருவதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. மறுநாள் வேறு செய்தி வருகிறது. கோபமும் புதிதாக ஆரம்பிக்கிறது.

கோபம் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. வரி கொடுக்கிறவனுக்குக் கோபம் வரத்தான் வேண்டும். ஆனால் வெறுங் கோபத்துக்கு ஞாபகசக்தி குறைவு. கஜானாவில் கை வைக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஜனங்கள் நாலு நாள் கூச்சல் போடுவார்கள், பொறுத்திருந்தால் ஓய்ந்துவிடுவார்கள் என்று அவர்கள் தைரியமாக இருக்கிறார்கள். கூச்சல் போடுகிறவனைவிட, சாவதானமாக உட்கார்ந்து, "கணக்கு எங்கே?" என்று கேட்கிறவனைக் கண்டுதான் அவர்களுக்குப் பயம்.

2011-ம் வருஷத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊழலை விசாரிப்பதற்கு லோக்பால் என்னும் சுதந்திரமான அதிகார ஸ்தானம் வேண்டுமென்று ஸ்ரீ அண்ணா ஹஸாரே ஏப்ரல் மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் டில்லியில் உண்ணாவிரதம் இருந்தார். தேசம் முழுவதும் ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். பார்லிமெண்டு 2013-ம் வருஷக் கடைசியில் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் முதலாவது லோக்பால் தலைவர் நியமனமானது எப்போது? 2019-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில்! சட்டத்துக்கும் நியமனத்துக்கும் நடுவில் ஐந்து வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. அத்தனை பேரையும் வீதிக்கு இழுத்து வந்த கோபம், அந்த ஐந்து வருஷமும் எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தது.

தூங்காத கோபம் ஒன்றும் நம் தேசத்திலேயே உண்டு. அது டில்லியில் பிறக்கவில்லை. மண் சுமந்த ஏழை ஸ்திரீகளிடம், ராஜஸ்தானத்துக் கிராமங்களில் பிறந்தது.

மண் சுமந்தவர்களின் கூலி

ராஜஸ்தானம் அடிக்கடி மழை பொய்க்கும் பிரதேசம். பஞ்சம் வந்தால் சர்க்கார் நிவாரண வேலைகளை ஆரம்பிப்பது வழக்கம். குளம் வெட்டுவது, ரஸ்தா போடுவது, அணை கட்டுவது போன்ற வேலைகள். வேலைக்கு வருகிறவர்களில் பெரும் பகுதியினர் ஸ்திரீகள். அவர்களுக்குச் சட்டப்படி ஒரு குறைந்தபட்சக் கூலி உண்டு. பஞ்ச நிவாரண வேலையானாலும் அந்தக் கூலியைக் குறைக்கக் கூடாது என்று 1983-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டே ராஜஸ்தான வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

ஆனால் கைக்கு வந்த கூலி வேறாக இருந்தது. "ஏன் குறைகிறது?" என்று கேட்டால், "நீங்கள் வெட்டிய மண் அளவில் குறைவு, புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்று பதில் வரும். "அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்றால், "அது சர்க்கார் ரகசியம்" என்பார்கள். வெள்ளைக்காரர் காலத்தில், 1923-ம் வருஷத்தில் செய்த ரகசியச் சட்டம், வேற்று நாட்டு ஒற்றர்களுக்கு விரோதமாக உபயோகப்பட்டதோ இல்லையோ, கிராமத்துக் கூலிக்காரிக்கு விரோதமாக நன்றாக உபயோகப்பட்டது!

இந்த ஜனங்களோடு சேர்ந்து உழைத்தவர்களில் முக்கியமானவர் ஸ்ரீமதி அருணா ராய். 1946-ம் வருஷத்தில் சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. ஐ. ஏ. எஸ். பரீட்சையில் தேறிச் சில வருஷங்கள் உத்தியோகம் பார்த்துவிட்டு, பிறகு அதை ராஜிநாமாச் செய்தவர். 1987-ல் அவரும் நண்பர்கள் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் தேவ்டுங்கிரி என்னும் சிறு கிராமத்தில் ஒரு குடிசையில் குடியேறினார்கள். 1990-ம் வருஷம் மே மாதம் முதல் தேதி, 'மஜ்தூர் கிஸான் சக்தி சங்கடன்' என்ற தொழிலாளர், விவசாயிகள் சங்கம் ஏற்பட்டது.

கூலிக்காகப் போராடப் போராட ஒரு விஷயம் அவர்களுக்குத் தெளிவாயிற்று. திருட்டு நடப்பது வேலை செய்யும் இடத்தில் அல்ல, காகிதத்தில்தான். மஸ்டர் ரோல் என்னும் ஆஜர்ப் பட்டியல், அளவுப் புத்தகம், பில், வவுச்சர் ஆகிய இவைதான் திருடனுடைய ஆயுதங்கள். ஆகவே இவை வெளிச்சத்துக்கு வந்தாலொழியக் கூலியும் வராது, குளமும் வராது.

ஊர் நடுவில் விசாரணை

1994-ம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி, பாலி ஜில்லாவில் கோட் கிரானா என்னும் கிராமத்தில் ஒரு நூதனமான கூட்டம் நடந்தது. அதற்கு 'ஜன் சுன்வாய்', அதாவது ஜனங்கள் முன் விசாரணை, என்று பெயர். நியாயாதிபதியும் இல்லை, வக்கீலும் இல்லை. அனுதாபமுள்ள ஓர் உத்தியோகஸ்தரின் உதவியால் கிடைத்த பஞ்சாயத்துக் கணக்குகளை ஒருவர் உரக்கப் படித்தார். ஜனங்கள் கேட்டார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி நிரல்.

ஆனால் படிக்கப் படிக்க ஊர் கொதித்தது. வேலைக்கு வராதவர்களின் பெயர்கள் பட்டியலில் இருந்தன. அவர்கள் பெயரில் கூலி பட்டுவாடா ஆகியிருந்தது. கணக்கின்படி பூர்த்தியாகிவிட்ட கிராம அதிகாரியின் கட்டடம், அதே ஊரில், கூரையும் கதவும் ஜன்னலும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது! அதைத் தினமும் பார்த்துக்கொண்டு போன ஜனங்களுக்கு, அது கட்டி முடிந்ததாகச் சர்க்கார் நம்பிக்கொண்டிருப்பது அன்றுதான் தெரிந்தது.

இந்த முறையின் பலம் என்னவென்று யோசித்துப் பாருங்கள். தலைநகரிலிருந்து வரும் கணக்குப் பரிசோதகர் வவுச்சரையும் பில்லையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டும் பொருந்தியிருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார். இரண்டும் பொய்யாயிருந்தாலும் ஒன்றோடொன்று பொருந்தத் தடையில்லையே! ஆனால் ஊர்க்காரனோ வவுச்சரைக் குளத்தோடு ஒப்பிடுகிறான். செத்துப்போனவன் மண் சுமந்ததாக எழுதியிருந்தால், அவனுடைய பெண்சாதியே எழுந்து நின்று, "என் புருஷன் அப்போது உயிரோடு இல்லையே!" என்று சொல்லிவிடுவாள். அந்தப் பரிசோதனைக்கு மிஞ்சின பரிசோதனை வேறு கிடையாது.

மேலும் சில ஊர்களில் இப்படிப்பட்ட விசாரணைகள் நடந்தன. கணக்கெழுதும் கிராம உத்தியோகஸ்தர்கள் நகல் கொடுக்க மாட்டோம் என்று கிளர்ச்சி செய்யத் தொடங்கினார்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவர்கள் எதற்காக இப்படிப் பதற வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள்.

சொன்ன சொல்லும் வந்த உத்தரவும்

1995-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜஸ்தான முதல் மந்திரி ஸ்ரீ பைரோன் சிங் ஷெகாவத், கிராம வேலைகளின் தஸ்தாவேஜுகளுக்கு ஜனங்கள் நகல் பெறலாம் என்று சட்டசபையிலேயே வாக்களித்தார். ஒரு வருஷம் சென்றது, உத்தரவு வரவில்லை. ஆகவே 1996-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி பியாவர் நகரத்தில் ஜனங்கள் சத்தியாக்கிரகமாக உட்கார்ந்தார்கள். அன்றைக்கே அவசர அவசரமாக ஓர் உத்தரவு பிறந்தது: கட்டணம் செலுத்தித் தஸ்தாவேஜுகளைப் பார்க்கலாம், ஆனால் நகல் எடுக்கக் கூடாது! ஜனங்கள் எழுந்திருக்கவில்லை. சுமார் நாற்பது நாட்கள் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது. நகரத்து வியாபாரிகளும் தொழிற்சங்கத்தாரும் காய்கறியும் பணமும் கொடுத்தார்கள்.

அங்கே எழுந்த கோஷம் 'ஹமாரா பைஸா, ஹமாரா ஹிஸாப்' என்பது. நம் பணம், நம் கணக்கு என்று அர்த்தம். அந்த இயக்கத்தைச் சேர்ந்த கிராமத்துப் பெண் ஒருத்தி பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன விளக்கம் பிரசித்தமானது. பத்து ரூபாய் கொடுத்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால், அவன் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறோம். நம் பெயரால் கோடி கோடியாகச் செலவழிக்கும் சர்க்காரைக் கேட்கக் கூடாதா என்றாள் அவள். இதைவிடத் தெளிவாக எந்தச் சட்ட நிபுணர் சொல்லிவிட முடியும்?

1997-ல் மறுபடியும் போராட்டம். இம்முறை தலைநகரமான ஜெயப்பூரில் 53 நாட்கள். அதன் முடிவில் துணை முதல் மந்திரி ஓர் அதிசயமான செய்தியை வெளியிட்டார். நகல் பெறும் உரிமையை அளிக்கும் உத்தரவு ஆறு மாதங்களுக்கு முன்பே அரசாங்க கெஜட்டில் வெளியாகிவிட்டதாம்! தகவல் அறியும் உரிமையைப் பற்றிய தகவலே ரகசியமாக இருந்திருக்கிறது!

1998-ல் நடந்த விசாரணைகளுக்குப் பிறகு, சில பஞ்சாயத்துத் தலைவர்கள் தாங்கள் எடுத்த பணத்தை ஊரார் முன்னிலையில் திருப்பிக் கொடுத்தார்கள். போலீஸார் பிடித்த பிறகு பணம் திரும்புவதை நாம் கேள்விப்பட்டதுண்டு. கணக்குப் படித்ததாலேயே பணம் திரும்புவதை அந்த ஊர்களில் கண்ணாரக் கண்டார்கள்.

இந்தப் போராட்டத்தின் பலனாகவே 2005-ம் வருஷத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசம் முழுவதற்கும் கிடைத்தது. அந்த வருஷம் அக்டோபர் 12-ந் தேதி அது பூரணமாக அமுலுக்கு வந்தது. 1997-லேயே இப்படி ஒரு சட்டம் செய்து மற்ற ராஜ்யங்களுக்கு முந்திக்கொண்ட பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. ஆனால் அதில் கதவைத் திறந்ததைவிட அடைத்த விதிவிலக்குகளே அதிகம். 2005-ம் வருஷச் சட்டத்துக்குப் பல் இருந்தது. 10 ரூபாய் கட்டணத்தில் யாரும் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறாய் என்று அதிகாரி வினவக் கூடாது. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரையில் அபராதத்தை அதிகாரியே செலுத்த வேண்டும்.

பழைய நீதி

சர்க்காரிடம் கணக்குக் கேட்பது அந்நிய தேசத்திலிருந்து வந்த நாகரிகம் என்று யாராவது சொன்னால், அவரைச் செங்கற்பட்டைத் தாண்டி உத்தரமேரூருக்கு அழைத்துப் போக வேண்டும். பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பு, கோயில் சுவரில் பொறித்த சாஸனம் அங்கே இருக்கிறது. குடவோலையில் யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்று அது விதிக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடியும் தேர்தலுக்கு நிற்கக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது! இன்றைக்கு அந்த விதியை அமுல் நடத்தினால் எத்தனை ஸ்தானங்கள் காலியாகும் என்று நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பல் பிடுங்கும் வைபவம்

கணக்குக் கேட்டவர்கள் கொடுத்த விலை சாமான்யமானதல்ல. புனாவுக்கு அருகில் நில மோசடிகளை வெளிப்படுத்திய சதீஷ் ஷெட்டி 2010-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் கொலையுண்டார். கீர் வனத்தையொட்டிச் சட்ட விரோதமாகக் கல் வெட்டியதை எதிர்த்த அமித் ஜேட்வா அதே வருஷம் ஜூலை மாதத்தில், ஆமதாபாத் ஹைக்கோர்ட்டுக்கு எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மையை வெளியிடுகிறவர்களைப் பாதுகாக்க 2014-ல் செய்த சட்டமோ வருஷக்கணக்காக அமுலுக்கு வராமல் கிடந்தது.

சட்டத்தின் பற்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வருகிறார்கள். தகவல் கமிஷனர்களின் பதவிக் காலத்தையும் சம்பளத்தையும் சட்டமே நிர்ணயித்திருந்தது. 2019-ல் அந்த அதிகாரத்தை மத்திய சர்க்கார் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. 2023-ல் செய்த சொந்த விவரப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம், இன்னொரு முக்கியமான திருத்தமும் வந்தது. சொந்த விவரம் என்று தகவலை மறுக்க வேண்டுமானால், அது பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாததாகவோ அந்தரங்கத்தில் அநாவசியமாகத் தலையிடுவதாகவோ இருக்க வேண்டும் என்று முன்பு நிபந்தனை இருந்தது. அந்த நிபந்தனை போய்விட்டது. பொது நன்மையே பெரிதென்று அதிகாரி கருதினால் தகவலைக் கொடுக்கலாம் என்ற வேறொரு பிரிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பிறருடைய அந்தரங்கத்தைக் காப்பது நல்ல காரியமே. ஆனால் மஸ்டர் ரோல் என்பது என்ன? பெயர்களும், அந்தப் பெயர்களுக்குக் கொடுத்த பணமுந்தானே? பெயரை மறைத்துவிட்டால், செத்தவன் மறுபடியும் எழுந்து வந்து கூலி வாங்குவதை யாரால் தடுக்க முடியும்?

இந்த உரிமையைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களில் பெரும் பகுதியினர் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகள். மனுவைத் தாங்களே எழுத முடியாதவர்கள் நமக்கு மனு எழுதும் உரிமையை வாங்கித் தந்திருக்கிறார்கள். நமக்கோ எழுதத் தெரியும். கணக்குப் பார்க்கவும் தெரியும். பால்காரன் கணக்கில் ஒரு நாள் தவறினால் கண்டுபிடித்துவிடுகிறோம். நம் வீதியில் போட்ட ரஸ்தாவுக்கு எவ்வளவு செலவாயிற்று, எத்தனை அங்குலக் கனம் போடச் சொன்னார்கள், எவ்வளவு போட்டார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அடுத்த தடவை பத்திரிகையைப் பார்த்துக் கோபம் வரும்போது, ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் நடந்த ஒரே ஒரு வேலையைக் குறிப்பிட்டு, அதன் கணக்கைக் கேட்டு, நாலு வரி எழுதுவோம். பதில் வந்ததும் நாலு அண்டை வீட்டாரை அழைத்து உரக்கப் படித்துக் காட்டுவோம். கோட் கிரானாவில் செய்தது அவ்வளவுதான். கேட்க ஆளில்லாத உரிமையை எடுத்துவிடுவது எந்தச் சர்க்காருக்கும் சுலபம். தினமும் ஆயிரம் பேர் கேட்கும் உரிமையின் மேல் கை வைக்க யாரும் யோசிப்பார்கள்.