கிளிக்குப் பட்டை மாட்டுவது எப்படி?

நாய்க்குக் கழுத்துப்பட்டை பார்த்திருப்பீங்க. கிளிக்கும் பட்டை உண்டு, தெரியுமா? ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வளர்ப்பவர்கள் அதை வெளியே கூட்டிப்போக 'ஹார்னஸ்' என்ற மெல்லிய வாரை உடம்பில் மாட்டுகிறார்கள். காலில் சங்கிலி கட்டினால் பயந்து பறக்கும்போது கால் எலும்பே முறிந்துவிடலாம்.

பிடித்து அமுக்கி மாட்டவே கூடாது. அப்புறம் கையைக் கண்டாலே கொத்தும்! முதலில் வாரைப் பக்கத்தில் வைக்கணும். பயப்படாமல் இருந்தால் ஒரு சூரியகாந்தி விதை பரிசு. பிறகு வளையத்துக்கு அந்தப் பக்கம் விதையைக் காட்டினால் தானாகவே தலையை நுழைக்கும். சிறகைத் தொட விடுவதுதான் கஷ்டம். வாரக்கணக்கில் ஆகும்.

இன்னொண்ணு. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. வாரை இறுக்கினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

நம்ம ஊர்ப் பச்சைக்கிளிக்கு மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்காதீங்க. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம்.