அவரையின் வேரும் அண்டைச் செடிகளும்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது முன்னோர் மொழி. அவ்வாறு ஊன்றிய அவரை தை மாதத்தில் பந்தல் நிறையக் காய்த்துத் தொங்கும். ஆனால், அதன் அருகில் எதை வளர்க்கிறோம் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். இதை நான் பாடநூலில் படித்ததைவிட எங்கள் வீட்டுக் கொல்லையில் கற்றதே அதிகம்.

சென்ற ஆண்டு எங்கள் அவரைக்கொடி வெளுத்துப்போயிற்று. காய்ந்த கொடி ஒன்றை அம்மா பிடுங்கியபோது வேரெல்லாம் முடிச்சுகள். "இது நல்லதும்மா, தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் வேர்முண்டு, மற்ற வேர்களை மண்ணிலேயே விட்டுவிடு" என்று வகுப்பில் படித்ததைப் பெருமையோடு கூறினேன். அதே பாத்தியில் அம்மா நட்ட கத்தரியும் குன்றிப்போயிற்று. அதன் வேரை எடுத்துவந்து துறையில் காட்டினேன். "தேய்த்தால் உதிர்கிறதா?" என்று மட்டும் கேட்டார் விரிவுரையாளர். உதிரவில்லை. அது நூற்புழுவின் வேலை!

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் எளிது. வேர்முண்டு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதனுள் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர், காற்றில் 78 விழுக்காடு உள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது. இவ்வுண்மையை 1888-இல் ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிலைநாட்டினர். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியதால் உண்டாவது, தேய்த்தாலும் உதிராது. அவரை, கத்தரி, தக்காளி, வெண்டை ஆகிய அனைத்தையும் அது தாக்கும். ஆகவே, புழு கண்ட பாத்தியில் இவற்றை அடுத்தடுத்து நடுதல் புழுவுக்கு விருந்து வைப்பதே ஆகும்.

அவ்விடத்திற்கு உகந்தது செண்டுமல்லி. அதன் வேரில் உள்ள நச்சுப்பொருள் நூற்புழுவை ஒடுக்குகிறது. ஓரத்தில் இரண்டு செடி வைத்தால் போதாது. அவரைக்கு முன்பே பாத்தி முழுதும் நெருக்கமாக வளர்ப்பதே சிறந்த பயன் தரும்.

வேறு நல்ல அயலாரும் உண்டு. அவரை பந்தலேறும் வரை அதன் அடியில் சிறுகீரை விதைத்தால், நிழல் கவிவதற்குள் பறித்துவிடலாம். கொத்தமல்லியைப் பூக்க விட்டால் தேன் நாடி மிதவை ஈக்கள் வரும். அவற்றின் புழுக்கள் அவரையை மொய்க்கும் அசுவினியைத் தின்னும். சமையலுக்குப் பறிக்கும் காயில் மருந்து தெளிக்கும் தேவையும் குறையும். மெக்சிகோ நாட்டு உழவர்கள் மக்காச்சோளத் தண்டில் பீன்ஸ் கொடியை ஏற்றி, தரையில் பூசணியைப் படரவிடும் வழக்கமும் இத்தகையதே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். அவரை தான் சேர்த்த தழைச்சத்தை உயிரோடிருக்கும்போது அண்டைச் செடிக்கு அள்ளி வழங்குவதில்லை. பெரும்பகுதியைத் தன் காய்க்கும் விதைக்குமே செலவிடுகிறது. வேரும் இலையும் மட்கிய பின்னரே அடுத்த பயிருக்கு அதன் பங்கு கிடைக்கும். ஆதலால், காய்ப்பு முடிந்ததும் ஒரு கொடியைத் தோண்டி வேரைப் பாருங்கள். உதிரும் முண்டாயின் மற்றக் கொடிகளைத் தரையோடு அறுத்து, வேரை மண்ணுக்கே விடுங்கள். உதிராத முடிச்சாயின் வேரோடு களைந்து எரித்துவிடுங்கள்.

இவ்வாண்டு எங்கள் கொல்லையில் செண்டுமல்லி பூத்திருக்கிறது. அடுத்த ஆடியில் அம்மா அங்கே அவரை ஊன்றுவார்கள். இம்முறை வேரைத் தேய்த்துப் பார்த்த பிறகே நான் வாய் திறப்பேன்!